ஓடையின் பெயரும் அஞ்சலகத்தின் பெயரும்: ஸ்மோக்கி மலைப் பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் பெயர் வந்த விதம்

அமெரிக்காவில் டென்னசி, வட கரோலைனா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லையாக நீண்டு கிடக்கும் பெரும் ஸ்மோக்கி மலைகளின் பள்ளத்தாக்குகளில் மேகி, நெல்லி, ஓலா, குவாலா, கட்டலூச்சி, பிஜன் ஃபோர்ஜ் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பெயர்கள் எப்படி வந்து சேர்ந்தன, அவற்றை வைத்தவர்கள் யார் என்பது கேள்வி. முதலில் குடியேறியவர்கள் கூடிப் பேசி ஆளுக்கொரு பெயர் சொல்லி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான இடங்களில் அப்படி நடக்கவில்லை. பள்ளத்தாக்குக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தங்கள் ஊருக்கென்று ஒரே ஒரு பெயர் தேவைப்படவே இல்லை. வெளியிலிருந்து யாரோ ஒருவர் அந்த இடத்தைக் காகிதத்தில் எழுத வேண்டி வந்தபோதுதான் தேவைப்பட்டது. எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அவர் காதில் என்ன விழுந்தது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் பெயரின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அப்படியானால் அதற்கு முன்பு ஒருவர் தம் இருப்பிடத்தை எப்படிச் சொன்னார்? தண்ணீரைக் கொண்டு சொன்னார். மலைப் பள்ளத்தாக்கில் வீடும் வயலும் பாதையும் ஓடையை ஒட்டியே அமைகின்றன. ஓடையின் மேற்பகுதியா, கீழ்ப்பகுதியா, எந்தக் கிளை என்று சொன்னால் போதும், கேட்பவருக்கு வீடு தெரிந்துவிடும். ஆகவே அங்கே குடியேறிய ஸ்காட்லாந்து-அயர்லாந்து, ஆங்கிலேய, ஜெர்மானிய வழியினரின் பேச்சில் நிலத்தையும் நீரையும் குறிக்கும் சொற்கள் மிக நுட்பமாகப் பிரிந்து நின்றன. ஆற்றில் கலக்கும் சிற்றாறு ‘கிரீக்’. அதில் வந்து சேரும் சிற்றோடை ‘பிராஞ்ச்’. ஆறு பிரியும் கிளை ‘ஃபோர்க்’ அல்லது ‘பிராங்’. இரு சரிவுகளுக்கு இடையே ஒடுங்கிய பள்ளம் ‘ஹாலோ’, பேச்சுவழக்கில் ‘ஹாலர்’. கடற்கரைச் சிறு குடாவைக் குறிக்கும் ‘கோவ்’ என்ற சொல், இங்கே நாற்புறமும் மலை சூழ்ந்த சமதளத்தைக் குறிக்கும். மலைமுகட்டில் மரமின்றிப் புல் மட்டும் கிடக்கும் இடம் ‘பால்ட்’, அதாவது வழுக்கை. விலங்குகள் உப்பை நக்க வரும் இடம் ‘லிக்’. உள்ளே நுழைந்தவர் வெளியே வர வழி தெரியாமல் திணறும் அடர்ந்த ரோடோடென்ட்ரான் புதர்க்காடு ‘ஹெல்’, நரகம். ஹக்கின்ஸ் ஹெல் என்ற பெயரை வரைபடத்தில் பார்த்து அங்கே ஏதோ கொடுமை நடந்ததாக எண்ண வேண்டியதில்லை. அது அந்தப் புதரின் இயல்பைச் சொல்லும் சொல்.

இந்தச் சொற்களுக்கு முன்னால் ஒன்று, அதாவது ஒரு மரமோ, விலங்கோ, செடியோ, அங்கே வீடு கட்டியிருந்த குடும்பமோ சேர்ந்துகொண்டால் பெயர் ஆகிவிட்டது. சர்க்கரை மேப்பிள் மரங்கள் நிறைந்த இடம் சுகர்லாண்ட்ஸ். முட்கொடி படர்ந்த இடம் கிரீன்பிரையர். வெள்ளை ஓக் மரங்கள் நின்ற சமதளம் ஒயிட் ஓக் ஃபிளாட்ஸ். இவை யாரும் வைத்த பெயர்கள் அல்ல. ஒருவர் மற்றவருக்கு வழி சொல்லும்போது வாயில் வந்து நின்றுபோனவை. அதனாலேயே நிலையில்லாதவையும்கூட. குடும்பம் மாறினால் ஓடையின் பெயரும் மாறும். இன்று வேர்ஸ் வேலி என வழங்கும் பள்ளத்தாக்கு ஆரம்பத்தில் க்ரௌசன் என்ற குடியேற்றக்காரரின் பெயரால் க்ரௌசன் கோவ் என்றே இருந்தது; பள்ளத்தாக்கின் நுழைவாயிலருகே கோட்டை கட்டியிருந்த சாமுவேல் வேர் என்பவரின் பெயர் பின்னால் வந்து அதை மூடிவிட்டது. முதலில் வந்தவர் பெயரே நிலைக்கும் என்ற விதி எங்கும் இல்லை.

இவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் செரோக்கி மக்கள். அவர்களுடைய ஊர்ப்பெயர்கள் இன்று பெரும்பாலும் ஆறுகளின் பெயர்களாகக் கிடக்கின்றன. இந்த இடமாற்றத்தைக் கவனிக்காமல் எதையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. ஒகோனலஃப்டி என்ற ஆற்றை எடுத்துக்கொள்வோம். செரோக்கி மொழியில் அது ‘எக்வனுல்டி’. ‘ஆற்றோரம்’ என்று பொருள். ஆற்றோரத்தில் இருந்த ஊருக்கு அது மிகப் பொருத்தமான பெயர். வந்த வெள்ளையர் அதை ஆற்றின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் இன்று ஓர் ஆறு ‘ஆற்றோரம்’ என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. டென்னசி மாநிலத்தின் பெயரும் இப்படித்தான்: டனாசி என்ற ஒரே ஒரு செரோக்கி ஊரின் பெயர் ஆற்றுக்கு ஏறி, ஆற்றிலிருந்து மாநிலத்துக்கு ஏறியது. பெயர் கொடுத்த அந்த ஊரின் நிலம் 1979-இல் டெல்லிகோ அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது.

செரோக்கி பெயர்களின் பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமானவை 1887-இல் அவர்களிடையே ஆய்வைத் தொடங்கிய ஜேம்ஸ் மூனி என்ற இனவரைவியலாளர் முதியவர்களிடம் கேட்டுப் பதிந்தவை. அவர் பதிவில் சில பெயர்கள் நிலத்தை அப்படியே கண்முன் கொண்டுவருகின்றன. நாண்டஹேலா என்பது ‘நடுச் சூரியன்’. மலையிடுக்கு அவ்வளவு ஆழமானது என்பதால் உச்சிவேளையில்தான் வெயில் அடிமட்டம் வரை எட்டும். கட்டலூச்சி என்பது ‘கடலூட்ஸி’, நிமிர்ந்து நிற்கும் ஓரக்குஞ்சம். முகட்டு வரம்பில் வரிசையாக நிற்கும் மரங்களைக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து அண்ணாந்து பார்த்த ஒருவர் சொன்ன சொல். துணியின் ஓரத்தில் நூல்கள் தொங்குவதற்குப் பதிலாக மேல்நோக்கி நிற்பதாக எண்ணிப் பாருங்கள், அந்த முகடு தெரியும். கல்லோவீ என்பது வசந்தத்தில் பறித்து உண்ணும் ஒருவகைக் கீரை முளைக்கும் இடம். அதை ‘அல்லிகளின் பள்ளத்தாக்கு’ என்று பொருள் கூறிக் கேட்டிருப்பீர்கள். கீரையின் பெயர் போதாது என்று தோன்றியபோது பூவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். டக்கசீஜி என்ற பெயருக்கும் ‘ஆமைகளின் இடம்’ என்று ஓர் அழகான பொருள் உலவுகிறது. மூனி கேட்ட காலத்திலேயே அச்சொல்லின் பொருள் மறைந்துவிட்டதாக அவர் எழுதிவைத்தார். மலைவாழ் மக்களின் சொல் என்றால் அதற்குக் கவிதை போன்ற பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. ‘கீரை முளைக்கும் இடம்’ என்பதில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

இந்தப் பெயர்களில் என்னை மிகவும் கவர்ந்தது குவாலா. 1838-இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோரை அமெரிக்க அரசு படைகொண்டு மேற்கே விரட்டியது. ஒகோனலஃப்டி ஆற்றங்கரைப் பகுதியில் ஒரு பகுதியினர் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழிவந்தவர்களின் நிலம் இன்று குவாலா எல்லை என்று அழைக்கப்படுகிறது. கேட்பவருக்கு அது தொன்மையான செரோக்கிச் சொல் என்றே தோன்றும். உண்மையில் அது ‘பாலி’ என்ற சாதாரண ஆங்கிலப் பெண்பெயர். செரோக்கி மொழியில் உதடுகளைச் சேர்த்து ஒலிக்கும் ‘ப’கரம் இல்லை. ஆகவே பாலி என்ற பெயருடைய ஒரு செரோக்கி மூதாட்டியை அக்கம்பக்கத்தார் ‘குவாலி’ என்று அழைத்தார்கள். அவர் வாழ்ந்த இடத்தருகே கடையும் அஞ்சலகமும் ஏற்பட்டபோது அந்த இடமும் குவாலி ஆயிற்று. அதைக் கேட்டு எழுதிய ஆங்கிலேய வழியினர் ‘குவாலா’ என்று எழுதினார்கள். தங்கள் மொழியிலிருந்து போன பெயர்தான் திரும்பி வந்திருக்கிறது என்பதை அவர்கள் உணரவில்லை. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனதைக் கண்ட நமக்கு ஒலி மாறுவது புதிதல்ல. ஆனால் ஒரு பெயர் ஆங்கிலத்திலிருந்து செரோக்கிக்குப் போய், உருமாறி, மறுபடி ஆங்கிலத்துக்கே அயற்சொல்லாகத் திரும்பிய இப்பயணம் அரிது. ஒரு மக்கள் குழுவின் நிலம் முழுவதற்கும் ஒரு மூதாட்டியின் பெயர் நிற்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

குவாலாவின் கதையில் அஞ்சலகம் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். இந்த மலைப்பகுதியின் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவற்றை இறுதியாக உறையவைத்தது அதுதான். பள்ளத்தாக்கில் அஞ்சலகம் வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பித்தால், வாஷிங்டனிலிருந்து ஒரு படிவம் வரும். அருகில் உள்ள ஆறு எது, ஓடை எது, அடுத்த அஞ்சலகங்கள் எத்தனை மைல் தொலைவில் உள்ளன என்றெல்லாம் கேட்டுவிட்டு, முன்மொழியும் பெயர் என்ன என்றும் அது கேட்கும். அதே மாநிலத்தில் வேறோர் அஞ்சலகத்துக்கு அந்தப் பெயர் இருந்தால் நிராகரிக்கப்படும். 1894-இல் சிறிய பெயர்கள், முடிந்தவரை ஒற்றைச் சொல், என்ற ஆணையும் வந்தது. மலைவாழ் மக்களின் இயல்பான பெயர்கள் இந்த வடிகட்டியில் நிற்க முடியாதவை என்பதைப் பாருங்கள். ‘இன்ன ஓடையின் இடக்கிளை’ என்பது ஒற்றைச் சொல் அல்ல. ‘வெள்ளை ஓக் சமதளம்’ போன்றவை மாநிலத்தில் பத்து இடங்களில் இருக்கும். ஆகவே விண்ணப்பம் எழுதியவர், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத, சிறிய, வேறெங்கும் இல்லாத ஒரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. அவர் கைக்கு எட்டியவை அவர் குடும்பத்துப் பெயர்கள்.

ஒயிட் ஓக் ஃபிளாட்ஸில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. அந்த ஊரில் ஓகல் குடும்பத்தார் அரை நூற்றாண்டாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1854-இல் ராட்ஃபோர்ட் கேட்லின் என்ற வணிகர் வந்து கடை வைத்தார். 1856-இல் அவர் கடையிலேயே அஞ்சலகம் ஏற்பட்டது. ஊர் கேட்லின்பர்க் ஆனது. தென்மாநிலங்களின் பிரிவினைக்கு ஆதரவான கேட்லினின் போக்கு அந்த ஊராருக்கு ஒத்துப்போகவில்லை. பகை முற்றி அவர் வெளியேற நேர்ந்தது. ஆள் போய்விட்டார், பெயர் போகவில்லை. ஓகல் வழியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள், தங்கள் மூதாதையர் ஏற்காத ஒருவரின் பெயர் தாங்கிய ஊரில்.

ஒன்பதே கல் தொலைவுக்குள் இருக்கும் பிஜன் ஃபோர்ஜின் பெயரும் இதே முறையில் நிலைத்தது, பொருள் மட்டும் வேறு. லிட்டில் பிஜன் ஆற்றங்கரையில் ஐசக் லவ் என்பவர் 1820-இல் இரும்புப் பட்டறை அமைத்தார். அவர் மகன் 1841-இல் அஞ்சலகம் தொடங்கியபோது ஆற்றையும் பட்டறையையும் இணைத்துப் பெயர் ஆயிற்று. ஆற்றுக்குப் பெயர் தந்தவை, கூட்டம் கூட்டமாக வந்து கரையோர பீச் மரங்களில் அடைந்த வலசைப் புறாக்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. பட்டறையும் இல்லை, புறாவும் இல்லை. இரண்டும் ஊர்ப்பெயரில் மட்டும் இருக்கின்றன.

இனி மேகி, நெல்லி, வயோலா என்ற மூன்று சிறுமிகளுக்கு வருகிறேன். மூவருமே வட கரோலைனாவின் ஹேவுட் கவுண்டியைச் சேர்ந்தவர்கள். ஜாக் செட்சர் என்பவர் தம் வீட்டிலேயே அஞ்சலகம் நடத்த விண்ணப்பித்தார். அவர் அனுப்பிய பெயர்கள் ஏற்கெனவே வேறிடங்களில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டன. சலித்துப்போய், தம் மகள்கள் கோரா, மெட்டி, மேகி மே ஆகியோரின் பெயர்களை எழுதி அனுப்பினார். 1904-இல் பதில் வந்தது: மேகி. பதினான்கு வயதுச் சிறுமி தன் பெயர் ஊருக்கு வைக்கப்பட்டதைக் கேட்டுக் கூச்சத்தில் குன்றிப்போனாள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். தேர்வு செய்தவர் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்திராத ஓர் எழுத்தர். பின்னாளில் ‘வேலி’, அதாவது பள்ளத்தாக்கு, என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து அது மேகி வேலி ஆனது. இன்று சுற்றுலா ஊர்.

மலைத்தொடரைத் தாண்டினால் கட்டலூச்சிப் பள்ளத்தாக்கு. 1910 அளவில் அங்கே ஏறத்தாழ 1,200 பேர் வாழ்ந்தார்கள். பெரிய கட்டலூச்சியின் அஞ்சலகத்துக்கு ஜார்ஜ் பால்மர் என்பவரின் மகள் நெல்லியின் பெயர் வைக்கப்பட்டது. சிறிய கட்டலூச்சியில் வில் மெஸ்ஸர் என்ற வசதியானவரின் மகள் வயோலாவின் பெயர் சுருங்கி ஓலா ஆயிற்று. நெல்லிக்கும் ஓலாவுக்கும் உரிய காகிதங்களில் எந்தக் குறையும் இல்லை. மேகிக்குக் கிடைத்த அதே அங்கீகாரம் அவற்றுக்கும் கிடைத்தது.

பால்மர் குடும்பத்தைப் பற்றி இடையில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் ஆட்களுக்குப் பெயர் வைக்கும் முறையும் இடங்களுக்குப் பெயர் வைக்கும் முறையும் இந்த மலைகளில் ஒன்றே. பள்ளத்தாக்கில் பால்மர்கள் மிகப் பலர். ஜார்ஜ் என்ற பெயரும் போதுமான அடையாளம் அல்ல. காட்டு வான்கோழிகளைப் பொறிவைத்துப் பிடித்ததால் நெல்லியின் தந்தை ‘டர்க்கி ஜார்ஜ்’ ஆனார். ராபர்ட் பால்மர் என்ற இன்னொருவர், பள்ளியில் முதல்நாள் ஆசிரியை பெயர் கேட்டபோது கூச்சத்தில் ‘பூகர்மேன்’, அதாவது பூச்சாண்டி, என்று சொல்லிவிட்டாராம். வாழ்நாள் முழுவதும் அதுவே அவருக்குப் பெயர். அவர் நிலத்தினூடே செல்லும் நடைபாதைக்கு இன்று அரசு வரைபடத்தில் பூகர்மேன் பாதை என்று பெயர்.

ரயிலும் தொழிலும் வைத்த பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவற்றில் மலையின் குரல் குறைவு. டென்னசிப் பக்கத்தில் ‘டக்கலீச்சி கோவ்’ என்ற சமதளத்தில் மரம் அறுக்கும் நிறுவனம் நடத்தியவர் டவுன்சென்ட், ஊர் டவுன்சென்ட். சார்ல்ஸ்டன் என்ற ஊர், தென் கரோலைனாவின் பெருநகரோடு குழம்பியதால் 1889-இல் பிரைசன் சிட்டி ஆனது. வெந்நீர் ஊற்று இருந்த வார்ம் ஸ்பிரிங்ஸில் 1886-இல் அதைவிடச் சூடான ஊற்று கிடைத்ததும் ஊர் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆனது. இவற்றுள் கேன்டன் மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது. பிஜன் ஆற்றைக் கடக்கும் துறையாக இருந்த அந்த ஊருக்குப் பாலம் கட்ட இரும்பு ஒஹாயோ மாநிலத்துக் கேன்டனிலிருந்து வந்தது. இரும்பு செய்த ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கேன்டனோ, சீனத்துறைமுகமான குவாங்சோவின் பழைய ஐரோப்பியப் பெயரிலிருந்து, ஒரு வணிகரின் நினைவாக வந்தது.

பெயர் வைப்பதோடு அரசின் பங்கு முடியவில்லை. எழுத்திலும் கை வைத்தது. 1890-இல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் புவியியல் பெயர்களுக்கான வாரியத்தை அமைத்தார். உடைமையைக் குறிக்க ஆங்கிலத்தில் போடும் மேற்கொம்பு (அபாஸ்ட்ரஃபி) ஊர்ப்பெயர்களில் வேண்டாம் என்பது அது தொடக்கத்திலிருந்தே பின்பற்றிய நெறி. கேட்ஸ் கோவ், வேர்ஸ் வேலி ஆகியவை வரைபடத்தில் அந்தக் குறியின்றி இருப்பதற்குக் காரணம் இதுவே. ‘கேட் உடைய கோவ்’ என்பதில் ‘உடைய’வை நீக்கிவிட்டால், கேட் யார் என்று கேட்கத் தோன்றாத ஒரு தனிச்சொல்லாக அது மாறிவிடுகிறது. வழக்கிலுள்ள கதைப்படி கேட் அங்கே வாழ்ந்த செரோக்கித் தலைவர். செரோக்கி மக்களுக்கு அந்த இடம் ‘ட்ஸியாஹி’, நீர்நாய்கள் இருக்கும் இடம். ஜான் ஆலிவர் தம்பதி 1818-இல் அங்கே குடியேறினார்கள். அந்நிலத்தைச் செரோக்கி மக்கள் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அடுத்த ஆண்டுதான், 1819-இல், கையெழுத்தானது.

வைத்த பெயரை அதே வாரியம் திருத்தவும் செய்யும். இம்மலைகளில் மிக உயர்ந்த, 6,643 அடி உயரச் சிகரத்துக்கு அர்னால்ட் கையோ என்ற புவியியலாளர் 1859-இல் அரசியல்வாதி தாமஸ் கிளிங்மனின் பெயரை இட்டார். செரோக்கி மக்களுக்கு அது ‘குவோஹி’, மல்பெரி மரங்கள் உள்ள இடம். கிழக்குச் செரோக்கி மக்களின் முயற்சியால் 2024 செப்டம்பரில் குவோஹி என்ற பெயரே அதிகாரபூர்வமாக மீண்டது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வரைபடத்தில் இல்லாத சொல்லை ஒரு மக்கள் தங்கள் வாயில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஒரு பள்ளத்தாக்கின் பெயருக்கு யாராவது பொருள் சொன்னால், நான் முதலில் கேட்பது அங்கே அஞ்சலகம் எப்போது வந்தது, முதல் அஞ்சலக அதிகாரி யார் என்பதைத்தான். அடுத்து, அதற்கு முன்பு அந்த ஓடையை என்னவென்று சொன்னார்கள் என்று தேட வேண்டும்; நிலப்பத்திரங்கள் எல்லையைக் குறிக்கையில் ஓடையின் பெயரைச் சொல்லியே ஆகும், பழைய தேவாலயங்களும் பெரும்பாலும் ஓடையின் பெயரையே சூட்டிக்கொண்டன. இரண்டு பெயர்களும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டுக்குள்தான் உண்மையான கதை இருக்கும்.

நெல்லிக்கும் ஓலாவுக்கும் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1930-களில் தேசியப் பூங்காவுக்காகக் கட்டலூச்சி நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அஞ்சலகங்கள் மூடியதும் அந்த இரு பெயர்களும் புழக்கத்திலிருந்து போய்விட்டன. ஓலாவில் வில் மெஸ்ஸரின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி 1889-இல் கட்டிய வெள்ளை மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் ஆண்டுக்கொருமுறை அங்கே கூடி, கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கிறார்கள். அந்தத் தேவாலயத்தின் பெயர் ஓலா அல்ல. அஞ்சலகம் வருவதற்கு முன்பே அதற்கு வைத்த பெயர், லிட்டில் கட்டலூச்சி.